கரிசல் முதல் கணவாய் வரை: மதுரைச் சுற்றுவட்டாரத்து ஏறுகாற்றுக் குறிப்புகள்

எஞ்சினில்லாமல் ஏறுகாற்றில் பறக்கும் கிளைடரோ, துணிச் சிறகான பாராகிளைடரோ தூக்கிக்கொண்டு மதுரைப் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மலையில் ஏறலாம்?" என்றுதான். மலையைக் கடைசியாகக் கேளுங்கள் என்பது எங்கள் கட்சி. இந்த வட்டாரத்தில் ஒரு நாளின் பறப்பைத் தீர்மானிப்பவை வேறு: எந்த நிலத்தில் ஈரம் நிற்கிறது, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) எவ்வளவு வருகிறது, ராமநாதபுரம் கரையிலிருந்து கிளம்பும் கீழ்காற்று (கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று) எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது. சித்திரை பிறந்திருக்கும் இந்த வாரத்தில் தரைவழியாகச் சுற்றி, அன்றன்று இரவு எழுதிப் போடும் குறிப்புகள் இவை. தனியாகச் சொல்லாதவரை உயரமெல்லாம் தரையிலிருந்து.

அனுமதி விஷயத்தை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானங்கள் அந்த இரு திசைகளிலும்தான் தாழ்ந்து வரும். நகரைச் சுற்றிய வான்வெளி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி கையில் இல்லாமல் அதற்குள் எந்தச் சிறகையும் விரிக்கக் கூடாது. கிழக்கே உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. அந்தத் திசையில் நெடுந்தூரம் போக நினைப்பவர்கள் வரைபடத்தில் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள்: திருமங்கலம், கள்ளிக்குடி

நான்குவழிச் சாலையில் திருமங்கலம் தாண்டியதும் கரிசல் தொடங்கிவிடுகிறது. பருத்தி எடுத்து முடிந்து ஆடு மாடு மேய்ந்த வெற்று நிலம். கால் நுழையும் அளவு வெடிப்பு. இப்படிக் காய்ந்த கரிசல்தான் மதுரைச் சமவெளியில் சீக்கிரம் வேலை தொடங்கும், அதாவது சூடேறி ஏற்றம் தரும் நிலம். கறுப்பு நிறம் வெயிலை வாங்கிக்கொள்கிறது. பொலபொலத்த மேல்மண்ணிலும் வெடிப்பிலும் காற்று நிறைந்திருப்பதால் சூடு கீழே இறங்காமல் மேற்பரப்பிலேயே நிற்கிறது. ஆனால் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் கணக்கு தலைகீழ். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; வெயில் முழுக்க ஆவியாக்குவதிலேயே செலவாகும். செம்மண் மறுநாள் மதியமே உயிர் பெறும். கரிசலுக்கு இரண்டு மூன்று நாள் விட வேண்டும். முந்தின வாரத்து மழை எந்த ஊரில் விழுந்தது என்று டீக்கடையில் விசாரிப்பது, எந்த வானிலைச் செயலியைப் பார்ப்பதையும்விட இங்கே பலன் தரும்.

விடிகாலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதன்மேல் வெதுவெதுப்பான அடுக்கு. அந்த மூடி உடையும் நேரத்தைப் புகையை வைத்துப் பிடிக்கலாம். எட்டு மணிக்குச் செங்கல் சூளைப் புகை கொஞ்சம் ஏறி, பிறகு தட்டையாகப் பரவி நிற்கும். பத்து மணியை ஒட்டி அதே புகை வளைந்து, துண்டு துண்டாகப் பிய்ந்து மேலே போகத் தொடங்கினால் மூடி உடைந்தது என்று அர்த்தம். இன்று முதல் பஞ்சு மேகம் பத்தரைக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே தரையில் சின்னச் சுழல்காற்றுகள் எழுந்துவிட்டன.

மேக அடியின் உயரத்துக்குக் கணக்கு எளிது. விமான நிலையம் வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கையில் வெப்பநிலை, பனிநிலை இரண்டும் வரும். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேக அடி மீட்டரில் கிடைக்கும். 37 டிகிரி, 21 டிகிரி என்றால் வித்தியாசம் 16. மேக அடி 2,000 மீட்டர். விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர். உயரமானியைக் கடல்மட்டத்துக்கு வைத்திருப்பவர்கள் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது மணி வெப்பநிலையைப் போட்டுக் கணக்கிட்டு, "மேகம் தாழ்வாக இருக்கும்" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நாளின் உச்ச வெப்பநிலையைத்தான் போட வேண்டும்.

உயரத்துக் காற்றையும் வெப்பநிலையையும் அளக்க மதுரையில் பலூன் விடுவதில்லை. காரைக்கால், திருவனந்தபுரம் பலூன்களின் காலை 5.30 மணி அளவீட்டைப் பார்க்கிறோம். இரண்டும் கடற்கரை. ஆகவே கீழ் 1,500 மீட்டர் நமக்கு உதவாது. அதைக் கழித்துவிட்டு, மதுரையின் எதிர்பார்க்கும் உச்ச வெப்பநிலையிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் குறையும் கோட்டை மேல்நோக்கி வரைய வேண்டும். பலூன் அளந்த வெப்பநிலைக் கோட்டை அது வெட்டும் இடம்தான் தெர்மலின், அதாவது சூடேறிய தரையிலிருந்து எழும் ஏறுகாற்றின், கூரை. மேக அடிக் கணக்கைவிட இந்த வெட்டு தாழ்வாக இருந்தால் மேகமே இல்லாத நீல நாள். ஏற்றம் இருக்கும், அடையாளம் இருக்காது.

இன்னொன்று. குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்கள் "தெற்குப் பார்த்த சரிவைத் தேடு" என்கின்றன. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல். சூன் மாதத்தில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது வடக்குச் சரிவுக்கே வெயில் கூடுதல். தெற்குச் சரிவு என்ற விதி இங்கே மார்கழி, தை மாதங்களுக்கு மட்டும் பொருந்தும். மற்றக் காலத்தில் காலைக்குக் கிழக்குச் சரிவு, மாலைக்கு மேற்குச் சரிவு என்று வைத்துக்கொண்டால் போதும். உச்சி வெயில் இந்த மாதத்தில் கடிகாரத்துக்கு 12.15-ஐ ஒட்டி வருகிறது.

சுழல்காற்றைப் பற்றி: புழுதி தெரிகிற இடத்தில் மட்டும்தான் அது இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கரிசலில் புழுதி ஏறும். பக்கத்துச் சோளத்தட்டைக் காட்டில் அதே வேகத்தில் சுழன்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கிளம்பும் இடத்திலோ இறங்கும் இடத்திலோ ஒன்றைப் பார்த்தால் பாராகிளைடர்காரர்கள் துணியை அள்ளிக் கட்டி, அது கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு அதுவே நல்ல அடையாளம். ஆனால் 300 மீட்டருக்குக் கீழே இருந்தால் அதற்குள் போகக் கூடாது.

இரண்டாம் நாள்: வாடிப்பட்டி, பேரணை, கள்ளந்திரி

வைகை ஓரத் தென்னந்தோப்பும் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலும் ஆண்டு முழுவதும் குளிர்ந்த பட்டை. அதன்மேல் எந்த மாதத்திலும் ஏற்றம் எதிர்பார்க்கக் கூடாது. ஆற்றைக் கடக்கிறவர்கள் கடப்பதற்கு முன்பே உயரம் சேர்த்துக்கொண்டு, குறுக்காக, நேராகக் கடந்துவிட வேண்டும். ஆற்றோடு ஒட்டிப் போவது வீண்.

மற்றபடி இந்தப் பக்கத்து வரைபடம் ஆண்டுக்கு இருமுறை மாறும். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை அணைக்கு வந்து, பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கமாகக் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதற்கப்பால் மேலூர் வரை ஒருபோகத்துக்கும் போகிறது. இருபோகப் பரப்பு மட்டும் சுமார் 45,000 ஏக்கர். அணையில் நீர் இருந்தால் சூனில் திறப்பார்கள். திறந்த இரண்டு மூன்று வாரத்தில் நாற்றங்காலும் நடவுமாக முழுப் பரப்பும் தண்ணீர் தேங்கிய கண்ணாடியாகிவிடும், தெர்மல் செத்துவிடும். இப்போது சித்திரையில் அறுவடை முடிந்த தாள், காய்ந்த வரப்பு. நேற்றுப் பார்த்த கரிசலுக்கு இது சற்றும் குறையவில்லை. ஆகவே "வாடிப்பட்டியில் ஏற்றம் உண்டா?" என்று மாதம் சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கால்வாய் திறப்புச் செய்தி பேப்பரில் வரும் தேதியை எழுதி வையுங்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு வேறு ஊர்கள்.

ஈரமும் காய்ச்சலும் சந்திக்கும் விளிம்புதான் தேட வேண்டிய இடம். வயலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று மெதுவாக நகர்ந்து பக்கத்துப் பொட்டலின் சூட்டுக் காற்றுக்கு அடியில் நுழைந்து அதைப் பெயர்த்துவிடும். காற்று தள்ளும் பக்கம் பொட்டலாக இருந்தால் இன்னும் நல்லது. சிறுமலை அடிவாரத்தில் வயல் முடிந்து மேட்டாங்காடு தொடங்கும் கோடு முழுவதும் இந்த வகை.

இறங்க இடம் பற்றி இன்று கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். வறண்ட கண்மாயை மேலிருந்து பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்: அகலம், சமதளம், மேலே மின்கம்பி கிடையாது. அதற்குள் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, சீமைக்கருவேலம். முள் துணியைக் கிழிக்கும், பாதத்தையும் விடாது. இரண்டாவது, கரையை ஒட்டிய பள்ளத்தில் மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும் வண்டல். கிளைடர் சக்கரம் அதில் புதைந்தால் நின்ற இடத்திலேயே தலைகுப்புற. மூன்றாவதை வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. நிலம் கிழக்கு, தென்கிழக்காகச் சரிவதால் கண்மாய்க் கரை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். மாலையில் கீழ்காற்று வந்துவிட்டால் கரை காற்றுக்கு முன்னால் நிற்கும் சுவராகி, கண்மாய்க்குள்ளேயே சுழல் விழும். 4 மீட்டர்க் கரைக்குப் பின்னால் குறைந்தது 40 மீட்டர் தள்ளி, தண்ணீர் வந்து சேரும் மேற்குப் பக்கத்து மேட்டில் இறங்குங்கள். அங்கே மண்ணும் கெட்டி.

கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். கிணற்றடியில் மோட்டார் கொட்டகை இருந்தால் அதற்கு ஒரு கம்பி கட்டாயம் போகும். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் ஏராளம். மேலிருந்து கறுப்புச் சதுரமாகத் தெரியும், புதர் மூடியிருந்தால் அதுவும் தெரியாது. பாராகிளைடருக்கு 50 மீட்டர் சதுரம் போதும். கிளைடருக்கு முன்னும் பின்னும் தடையில்லாத 300 மீட்டர் வேண்டும். இந்தப் பக்கத்துச் சின்ன வரப்பு வயல்களில் அது கிடைப்பது அபூர்வம், திருமங்கலம் கரிசலில் எளிது. சித்திரைத் திருவிழா நாட்களில் அழகர் கோவில் சாலைப் பக்கமும் வைகை மணலிலும் இறங்குவதை நினைத்தே பார்க்காதீர்கள். உங்களைத் தேடி வரும் வண்டி அந்தக் கூட்டத்தைத் தாண்டி வந்து சேர இரவாகிவிடும்.

மூன்றாம் நாள்: ஆனைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு

ஒத்தக்கடை ஆனைமலை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாறை. உயரம் 90 மீட்டரை ஒட்டி. சரிவுக் காற்றில், அதாவது மலையில் மோதி மேலேறும் காற்றில், மிதக்க இந்த உயரம் போதாது. மேலும் அது சமணச் சின்னங்களும் கோவிலும் உள்ள மலை. ஏறிக் குதிக்கும் இடம் கிடையாது. ஆனால் தெர்மல் கிளப்பியாக அதற்கு இணை குறைவு. பாறை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். பதினொரு மணிக்குச் சுற்றியுள்ள வயல் வேலை செய்யும்போது பாறை இன்னும் சோம்பலாகவே இருக்கும். நாலு மணிக்கு மேல் வயல் அடங்கும்போது பாறை முழு வேகத்தில் இருக்கும். அந்தி வரைக்கும் அகலமான, மென்மையான ஏற்றம் கிடைப்பது இதன் மேல்தான். காற்று தள்ளும் பக்கத்து முனைக்கு மேலே தேடுங்கள். பாறையை உரசிப் போகாதீர்கள்: தொங்கு பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும், எஞ்சினில்லாத சிறகில் தேனீக் கூட்டத்திடமிருந்து தப்ப வழி கிடையாது.

அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் இங்கே உண்டு. பெரிய பறவை ஒன்று சிறகு தட்டாமல் வட்டமிடுவதைப் பார்த்தால் நமக்குக் கை துறுதுறுக்கும். கூடு இருக்கும் பாறைமுகத்துக்குப் பக்கத்தில் போனால் அது உங்களைத் தாக்கும், அல்லது முட்டையை விட்டுப் போகும். குன்றுகளிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, சமவெளிக்கு மேல் அவை மிதக்கும்போது மட்டும் கூடச் சேருங்கள். அவை சுற்றும் திசையிலேயே நீங்களும் சுற்றுங்கள்.

பறவையைப் படிப்பதில் சில நுணுக்கங்கள். நாரைக் கூட்டம் இறக்கை அசைக்காமல் ஏறினால் அகலமான, நம்பத்தக்க ஏற்றம். உழவாரன்கள் ஓரிடத்தில் மொய்த்துப் பறந்தால் பூச்சிகள் மேலே ஏறுகின்றன. தெர்மல் அப்போதுதான் கிளம்புகிறது. பருந்து இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சிறகடித்தால் அதில் நமக்குப் பங்கில்லை, அதன் எடைக்கே அது திணறுகிறது. அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கின்மேல் நூற்றுக்கணக்கில் சுற்றும் பருந்துகள் இரைக்காகச் சுற்றுகின்றன. அதை ஏற்றமென்று நம்பி, விமான நிலையத்துக்கு அத்தனை பக்கத்தில் போவதைவிடப் பெரிய முட்டாள்தனம் இந்த வட்டாரத்தில் கிடையாது.

கீழவளவில் கிரானைட் குவாரிக் கழிவுக்கல் மேடுகளும் பக்கத்தில் தண்ணீர் நின்ற ஆழ்குழிகளும். சூடும் குளிரும் ஒட்டி நிற்பதால் விளிம்பில் ஏற்றம் குறுகலாக, முரட்டுத்தனமாகக் கிளம்பும். உயரம் இருந்தால் பயன்படுத்தலாம். உயரம் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே வேண்டாம்; கீழே இறங்கத் தட்டையாக ஒரு கையகல நிலம் கிடையாது.

நான்காம் நாள்: நாகமலை

பார்க்க அழகு, பறக்கக் குறைவு. தேனி சாலைக்கு வடக்கே, பல்கலைக்கழகத்தை ஒட்டி, கிழக்கு மேற்காகச் சற்றே வடமேற்குச் சாய்வோடு ஓடும் ஒல்லியான தொடர். சரிவு ஏற்றத்துக்குக் காற்று மலைக்குச் செங்குத்தாக, அதிகம் போனால் 30 டிகிரி விலகி வர வேண்டும். ஆடியில் அடிக்கும் மேல்காற்று இந்த மலையின் நீளவாக்கில் ஓடிவிடுகிறது. எவ்வளவு பலமாக அடித்தாலும் சரிவில் ஏறாது. தெற்கு, தென்தென்மேற்கிலிருந்து 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வரும் நாள்தான் இதற்கு உகந்தது, அது அடிக்கடி வாய்க்காது. மலை மெலிந்து இருப்பதால் பின்பக்கச் சுழலும் உடனே தொடங்கும்: மலை உயரத்தின் ஐந்து முதல் பத்து மடங்கு தூரம் வரை வடக்குப் பக்கம் இறங்கக் கூடாது. விமானப் பாதையும் பக்கம். குறித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஐந்தாம் நாள்: திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடிச் சாலை

மதுரையில் நாள் எப்போது முடியும் என்ற கேள்விக்குப் பதில் இந்தச் சாலையில் இருக்கிறது.

பதினொரு மணி சுமாருக்குக் கரையில் கிளம்பும் கடற்காற்று உள்நாட்டுக்குள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கள். கரையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டரிலிருக்கும் மானாமதுரைக்கு மூன்று மணிக்கு வரும். இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரைக்கு வர ஆறு மணி ஆகும். சித்திரையில் எதிர்த்து நிற்க மேல்காற்று வலுவில்லை. ஆகவே பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று அதை மதுரைக்குக் கிழக்கேயே நிறுத்தி வைக்கும், சில நாள் உள்ளேயே விடாது.

இந்த இரண்டு காற்றும் முட்டும் கோடுதான் சமவெளியின் மிகச் சிறந்த ஏற்றம். கனமான, குளிர்ந்த கடற்காற்று ஆப்பு போல அடியில் நுழைய, உள்நாட்டுச் சூட்டுக் காற்று அதன்மேல் ஏறுகிறது. கோட்டை ஒட்டிச் சுற்றாமல் நேராகவே கிலோமீட்டர் கணக்கில் போகலாம். தாண்டி கடல் பக்கம் போய்விட்டால் கதை முடிந்தது: ஏற்றம் அடங்கிய, மங்கலான, நிலையான காற்று. இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே எப்போதும் கோட்டின் மேற்குப் பக்கமாகவே இருக்க வேண்டும்.

கோடு எங்கே நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பது? மேகம் இருந்தால் அடி இரண்டு படியாகத் தெரியும். உள்நாட்டுப் பக்கம் உயர்ந்த தட்டையான அடி, கடல் பக்கம் அதிலிருந்து தொங்கும் கந்தல் திரை. அந்தத் திரைக்கு முன்னால், உயர்ந்த அடிக்குக் கீழே ஏற்றம். மேகம் இல்லையென்றால் மானாமதுரை, இளையான்குடிப் பக்கத்துக் கரிமூட்டங்கள் கைகொடுக்கும். கருவேலங்கட்டையை மண் போட்டு மூடி நாள்கணக்கில் எரிப்பதால் புகை நிற்காது. ஒரு மூட்டத்தின் புகை கிழக்கே சாய்ந்தும், அதற்குக் கிழக்கேயுள்ள மூட்டத்தின் புகை மேற்கே சாய்ந்தும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில்தான் கோடு. இன்று இதைத் தரையிலிருந்தே பார்க்க முடிந்தது. மேலிருந்து இன்னும் தெளிவாகத் தெரியும்.

மெட்டாரிலும் தடயம் உண்டு. வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி விழுந்து, அதே நேரத்தில் பனிநிலை மூன்று நான்கு டிகிரி ஏறி, காற்றுத்திசை கிழக்கு தென்கிழக்குக்கு மாறினால் கோடு விமான நிலையத்தைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு நகருக்கு மேற்கேதான் நாள் மிச்சம்.

ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். "காத்து நல்லா வருமா அண்ணே?" என்று கேட்டால் "வரும்" என்பார்கள், அவ்வளவுதான். "கீகாத்து எத்தனை மணிக்கு ஏறும்? நேத்து ஆட்டை எப்பக் கெடைக்குத் திருப்புனீங்க?" என்று கேட்க வேண்டும். அவர்களுடைய மாலை வேலை அந்தக் காற்றைப் பார்த்துத்தான் நடக்கிறது. நேரம் துல்லியமாக வரும்.

பாராகிளைடர்காரர்களுக்கு ஒரு கணக்கு. 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து, சறுக்கு விகிதம் 8 (ஒரு மீட்டர் இறங்கும்போது எட்டு மீட்டர் முன்னே போவது) என்றால் அசையாத காற்றில் 8 கிலோமீட்டர். சிறகின் வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர், எதிர்காற்று 15 என்றால் தரையைப் பொறுத்து 22 மட்டுமே. 8 கிலோமீட்டர் 5-க்கும் கீழே போய்விடும். வழியில் இறக்கக் காற்றையும் சேர்த்தால் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டியபின் கிழக்கே ஒரு கண்மாயைக் குறி வைப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறக்கிறார்கள்.

இங்கே பறந்தவர்கள் மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதும்போது "நல்ல நாள், 4 மீட்டர் கிடைத்தது" என்று எழுதுவதால் பயனில்லை. ஏறும் வேகத்தைக் காட்டும் வேரியோ கருவி ஒரு நொடி காட்டிய உச்சம் அது. அடியிலிருந்து உச்சிவரை ஏறிய மீட்டரை எடுத்துக்கொண்ட நொடியால் வகுத்த சராசரியை எழுதுங்கள். எந்தச் சிறகு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்: பாராகிளைடர் நொடிக்கு 1.1 மீட்டர் தானே இறங்கும், நல்ல கிளைடர் 0.6. ஒரே தெர்மல் இருவருக்கும் வேறு எண்ணைக் காட்டும். நேரம், இடம், மேக அடி, வானத்தின் எட்டில் எத்தனை பங்கு மேகம், கடற்காற்று வந்த மணி, நிலம் ஈரமா காய்ச்சலா என்பவை இருந்தால்தான் அடுத்த ஆண்டு இதே வாரத்தில் வருபவருக்கு அது உதவும். கருவி பதியும் ஐஜிசி கோப்பில் தடமும் உயரமும் இருக்கும். காய்ந்த வயலா நட்ட வயலா என்பது இருக்காது.

ஆறாம் நாள்: உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், வைகை அணை

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி வரை செம்மண், மானாவாரி, நல்ல தெர்மல் நிலம். அதற்கப்புறம் சாலை மலையிடுக்கில் ஏறி ஆண்டிபட்டிப் பக்கம் இறங்குகிறது. இந்தச் சின்ன ஏற்றம்தான் மதுரைச் சமவெளிக்கும் தேனிப் பள்ளத்தாக்குக்கும் இடையே உள்ள வாசல்.

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடரைத் தாண்டி, மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வறண்ட மேல்காற்றாக இங்கே வருகிறது. அந்தக் காலத்தில் தீபகற்பத்தின் மேல் காற்று மிக வேகமாக இருப்பது சுமார் 1.5 கிலோமீட்டர் உயரத்தில். அகலமான பள்ளத்தாக்கிலிருந்து குறுகிய வாய்க்குள் நுழையும்போது இன்னும் முடுக்கம். ஆண்டிபட்டியில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டுக் கணவாயை நெருங்கினால் அங்கே 27 இருக்கும். பாராகிளைடர் பின்னோக்கி நகரத் தொடங்க அதற்கு மேல் அதிகம் தேவையில்லை. கணவாயின் இருபுறத்து மலைமுகம் சரிவு ஏற்றத்துக்கு ஏற்றதுதான். ஆனால் வாய்க்கு நேர் எதிரே இல்லாமல், குறைந்தது இரண்டு கிலோமீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்னால் உசிலம்பட்டிப் பக்கம் தள்ளப்பட்டால் சுழலுக்குள்தான் விழ வேண்டும்.

காற்றாலைகளைக் கருவியாகப் பயன்படுத்தலாம். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் நிறைய நிற்கின்றன. தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் அந்த உயரத்துக் காற்றின் திசை. இறக்கை சுழலத் தொடங்க நொடிக்கு 3 முதல் 4 மீட்டர் காற்று வேண்டும், அதாவது மணிக்கு 11 முதல் 14 கிலோமீட்டர். எல்லாமே நின்றிருந்தால் அமைதி. சில மட்டும் சுழன்றால் பறக்கத் தக்க காற்று. எல்லாமே ஒரே திசை பார்த்து முழு வேகத்தில் சுழன்றால் பாராகிளைடரைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். சுழலும் இறக்கைக்குப் பின்னால் காற்று கலங்கிக் கிடக்கும். 80 மீட்டர் விட்டமுள்ள விசிறி என்றால் அதைப்போல் பத்து மடங்கு, 800 மீட்டர் தள்ளிப் போங்கள். அவற்றை இணைக்கும் மின்கம்பிகள் எங்கும் ஓடுகின்றன.

ஆடியில் மலைக்குக் கிழக்கே, காற்றோடு நகராமல் நிற்கும் நீண்ட மேகங்களைப் பார்த்து அலை ஏற்றம் (மலையைத் தாண்டிய காற்று அலைபோல் ஏறி இறங்குவதில் கிடைப்பது) பற்றிப் பேசுவார்கள். அலை உருவாகத்தான் செய்யும். ஆனால் பருவக்காலத்தில் மேல்காற்று 3 கிலோமீட்டருக்கு மேல் வலுவிழந்து, சுமார் 6 கிலோமீட்டருக்கு மேல் கிழக்குக் காற்றாகத் திரும்பிவிடுகிறது. திசை திரும்பும் இடத்தைத் தாண்டி அலை ஏறாது. குளிர்நாட்டு மலைகளில் கிடைக்கும் சாதனை உயரத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கீழே சுழலின் முரட்டுத்தனம் மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

இப்போது சித்திரையில் கணவாய் சாந்தமாக இருக்கிறது. காலையில் லேசான கிழக்கு, மதியம் இன்னதென்று சொல்ல முடியாத திசை. தெர்மலில் மேற்கே போய்க் கணவாயைக் கடக்க இதுதான் காலம்: உசிலம்பட்டிக்கு மேற்கே 1,500 மீட்டர் சேர்த்துக்கொண்டு ஒரு மணிக்குள் கடந்துவிட வேண்டும். வைகை அணையின் நீர்ப்பரப்பு சுருங்கிக் கிடந்தாலும் அதற்கும் காற்று தள்ளும் பக்கத்துக்கும் மேலே ஏற்றம் இல்லை. தெற்கே விலகிப் போங்கள்.

ஏழாம் நாள்: பெரியகுளம், போடி

தேனி கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். இன்றைய மதியம் போல 36 டிகிரி, பனிநிலை 21 என்றால் மேக அடி 1,875, கடல்மட்டத்திலிருந்து 2,175. கொடைக்கானல் பீடபூமியின் விளிம்பு 2,100-ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது மலைமுகட்டுக்கும் மேகத்துக்கும் நடுவே இடமே இல்லாத மாதிரிதான். சமவெளியில் "அருமையான மேக அடி" என்று மகிழ்ந்தவர் இங்கே முகட்டைத் தாண்டியதுமே மேகத்துக்குள் மறைவார். பழனி மலையின் தெற்கு முகத்தில் பறப்பவர்கள் முகட்டுக்கு 300 மீட்டர் கீழேயே நின்றுகொள்ள வேண்டும்.

இந்த மாதத்தில் கேரளப் பக்கத்து ஈரக்காற்று முற்பகலிலேயே முகட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. இன்று பதினொன்றரைக்குப் போடி மேற்கு மலையில் மேகம் கட்டத் தொடங்கி, இரண்டு மணிக்குக் குரங்கணிப் பக்கம் இடி. எப்போது கிளம்பிவிட வேண்டும் என்பதற்கு எளிய அளவுகோல்: தரையிலிருந்து மேக அடி எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு மேகத்தின் தடிமனும் வந்துவிட்டால் அந்த மேகத்தோடு நமக்கு உறவில்லை. மழை மலையில் விழுந்தாலும் அதிலிருந்து சரியும் குளிர்காற்று 15, 20 கிலோமீட்டர் முன்னே ஓடிவந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் தாக்கும். போடியில் இடி என்றால் தேனியில் பறப்பவரும் இறங்க வேண்டும்.

காட்டுக்குள் இறங்குவது இங்கே வெறும் சிரமத்தோடு முடியாது. திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. வடக்கே கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். 2018 மார்ச் குரங்கணித் தீயில் மலையேறிகள் பலர் உயிரிழந்த பிறகு, கோடையில் இந்தச் சரிவுகளுக்குள் அனுமதியில்லாமல் நுழைபவர்களை வனத்துறை எளிதில் விடாது. அடிவாரத்தைத் தாண்டும் முன், சமவெளிக்குத் திரும்பும் சறுக்கு உயரம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

இடி வராத நாளில் மாலை ஐந்துக்கு மேல் பள்ளத்தாக்கு முழுவதும் மெல்லென்று ஏறும். மேலே மலையின் குளிர்காற்று சரிவில் இறங்கி, பள்ளத்தாக்கின் நடுவிலுள்ள சூட்டுக் காற்றைத் தூக்குவதால் வருவது அது. அப்போது மலைமுகத்தில் தேடக் கூடாது, பெரியகுளத்துக்குத் தெற்கே வெட்டவெளிக்கு மேல் தேட வேண்டும். இறங்கும்போது காற்று மலையிலிருந்து சமவெளியை நோக்கித் திரும்பியிருக்கும். மதியம் பார்த்து வைத்த காற்றுத்திசையை நம்பாமல், தோட்டங்களில் சருகு எரிக்கும் புகையைப் பார்த்து முகத்தை மலைப்பக்கம் வைத்து இறங்குங்கள். மாந்தோப்புகளுக்கும் மலைக்கும் நடுவில் வேண்டாம், தோப்புகளைத் தாண்டித் தெற்கே உழுது போட்ட நிலம் இருக்கிறது.